செப்டம்பரில் போட்ட பத்துக் கையெழுத்துகள்

பெயர்: ரைமோ காங்காஸ். வயது: 57. முகவரி: 18, டேமரக் தெரு, கோல்டர் பே, வட ஒன்டாரியோ. தொழில்: கோல்டர் பே ஐஸ் ஹாக்கி அணியின் உபகரணப் பொறுப்பாளர், இருபத்திரண்டு வருடங்களாக. 1987 ஜனவரி 21, புதன்கிழமை காலை 9.40 மணிக்கு, கான்ஸ்டபிள் ஹார்ட்ரீ முன்னிலையில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் சொல்வது:

நேற்று மதியம் எங்கள் அணியின் மேலாளர் லோர்ன் பிக்கெட்டின் காரைப் பனிக்கட்டியால் மூடியது நான்தான். வேறு யாரையும் விசாரிக்க வேண்டாம். ஏன் செய்தேன் என்பதையும் எழுதச் சொன்னேன். கான்ஸ்டபிள், "கார் விஷயம் மட்டும் போதுமே" என்றார். "போதாது, எழுதுங்க" என்றேன்.

நல்ல ஆட்டக்காரனைக் கொடுத்துவிட்டு உதவாதவனை வாங்கி எந்த அணியும் ஏமாந்துவிடக் கூடாது என்று எங்கள் லீக்கில் ஒரு விதி உண்டு. புதிதாக வருகிறவன் எங்கள் ஐஸ் தளத்தில் முழு வேகத்தில் சறுக்கியதைக் கண்ணால் பார்த்தேன் என்று உபகரணப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லீக் அலுவலகம் அந்த ஆள்மாற்றத்தைப் பதியும். பதிந்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் அந்தக் கையெழுத்துப் பொய் என்று எழுத்தில் போனால் ஆள்மாற்றம் ரத்து. நானோ ஒவ்வொரு செப்டம்பரிலும் பத்து வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுப் பிக்கெட்டிடம் கொடுத்துவிடுவேன். சீசன் தொடங்கினால் பாதி நாள் பஸ்ஸில் கழியும், யார் அலைவது என்று. எட்டு வருடமாக அதுதான் வழக்கம். புத்தி கெட்ட வழக்கம்.

ஜனவரி 15, வியாழக்கிழமை, பயிற்சி முடிந்த பிறகு பிக்கெட் எங்கள் கோல்கீப்பர் எமில் ஷரெட்டைக் கூப்பிட்டு, ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளி உள்ள ரெட் லார்ச் அணிக்கு அவனைக் கொடுத்தாகிவிட்டது, சாயங்காலமே பஸ் ஏற வேண்டும் என்றார். எமிலின் மனைவிக்கு இது எட்டாம் மாதம். பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு எமில் என் அறைக்கு வந்து ஸ்கேட்டை நீட்டி, "பெருசு, கடைசியா ஒரு தடவ தீட்டிக் குடு. எனக்குப் பதிலா யாராம் வர்றது? நல்லவனாவது வரட்டும்" என்றான். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

நேற்று காலை பதினொரு மணிக்கு அந்த நல்லவன் வந்தான். பெயர் காலின் ஸ்ட்ரவுட், வயது 34. அவனுடைய பையைத் திறந்தேன். ஸ்கேட்டின் பிளேடு துருப்பிடித்திருந்தது. ஐஸில் இறங்குகிறவனின் பிளேடு துருப்பிடிக்காது. வலது காலில் மாட்டச் சொன்னேன்; கணுக்கால் மடங்கவே இல்லை. "தகடு வச்சிருக்காங்கண்ணே. போன மார்ச்சோட ஆடுறத விட்டுட்டேன். பேரு மட்டும் போதும், ஒரு வாரம் வந்துட்டுப் போன்னாங்க" என்றான். ரெட் லார்ச் அணி பிக்கெட்டின் மைத்துனருடையது என்பதும், அடுத்த சீசனில் பிக்கெட் அங்கே போகிறார் என்பதும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. காபி கொடுத்தேன்.

அதன் பிறகு பிக்கெட்டின் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் சாண்ட்விச் தின்றுகொண்டே, "கையெழுத்து உன்னுதுதானே? வெளிய போய்ச் சொல்லு பாப்போம். பொய்யன்னு உன்னத்தான் துரத்துவாங்க. போ, போய்த் துண்டு துவைக்கிற வேலையப் பாரு" என்றார்.

அதன் பிறகு ஐஸ் தளத்தைச் சமன்செய்யும் வண்டியை எடுத்து, சுரண்டிய பனித்தூள் ஒரு முழுச் சுமையை வெளியே கொண்டுபோய் அவருடைய காரின் மேல் கொட்டி, வண்டியின் தண்ணீர்த் தொட்டியையும் அதன் மேலேயே திறந்துவிட்டேன். மைனஸ் 31 டிகிரி. சற்று நேரத்தில் கதவின் கைப்பிடி எங்கே என்றே தெரியவில்லை. இதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆத்திரம் தீரவும் இல்லை. எமிலை அந்தப் பஸ்ஸில் ஏற்றியதில் என் கையும் இருக்கிறது.

செப்டம்பரில் நான் கொடுத்த படிவங்களில் ஒன்றை நிரப்பி 15ஆம் தேதியே இந்த ஆள்மாற்றத்தைப் பதிந்திருக்கிறார் பிக்கெட். ஏழாவது நாள் நாளை மாலை ஐந்து மணியோடு முடிகிறது. ஸ்ட்ரவுட் சறுக்கியதை நான் பார்க்கவில்லை. படிவத்தில் உள்ள என் கையெழுத்துப் பொய். இந்த வாக்குமூலத்தின் நகல் எனக்கு வேண்டும். இன்றே லீக் அலுவலகத்துக்கு ஃபேக்ஸில் அனுப்பப் போகிறேன். "இது வெளிய போனா உங்க வேலை போயிடுமே, ரைமோ?" என்று கான்ஸ்டபிள் கேட்டார். "அதையும் எழுதுங்க" என்றேன்.

மேலே உள்ளதெல்லாம் நானே சொன்னது, அத்தனையும் உண்மை. கான்ஸ்டபிள் படித்துக் காட்ட வந்தார். வேண்டாம் என்று நானே வாங்கி இரண்டு முறை படித்தேன். ஓரிடத்தில் தேதி தப்பாக இருந்தது, திருத்தச் சொன்னேன். காலியாக இருந்த இடத்திலெல்லாம் கோடு அடிக்கச் சொன்னேன். படித்த பிறகு போடும் என் கையெழுத்து:

(ஒப்பம்) ரைமோ காங்காஸ்