விழுவதற்கு ஒரு புல்தரை

ஏழு கடல்களை வென்றவராக, புயலை எதிர்த்து நின்றவராக, இன்று மட்டும் 'இவன் என்னென்ன சொல்லித் தொலைக்கப் போகிறானோ' என்று நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியவராக, தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் எங்கள் குடியிருப்பின் தலைவர், கேப்டன் அவர்களே! அந்தக் கேப்டனையே கரைசேர்த்துக் கட்டிக் காத்துவரும் கேப்டன் வீட்டு அம்மா அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முழுக் கவனத்தோடு தூங்கத் தயாராகிவிட்ட பெரியவர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அரைமனதாக வந்திருந்தாலும், முழுமனதாகக் கைதட்டப் போகும் தாய்மார்களே! கீழே இறங்கி வரச் சோம்பல்பட்டு, மூன்றாம் மாடி பால்கனியில் நின்றபடியே விழாவைச் சிறப்பிக்கும் செல்வந்தர்களே! சிரிக்கும் புல்லின் மேல் செருப்பின்றி அமர்ந்திருக்கும் உங்கள் அனைவரையும் சிரம் தாழ்த்தி வணங்குகிறேன்.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். மனிதர்களை ஏற்றி இறக்குவது என் தொழில். பேச்சை ஏற்றி இறக்குவது என் பழக்கம். என்னங்க அங்கே? "சுருக்கமா பேசுங்க"வா? சுருக்கமாகத்தான் பேசப் போகிறேன். ஆனால் அந்தச் சுருக்கத்தை விரிவாகப் பேசுவேன்.

நான்கு கட்டடங்களுக்கு நடுவே, நாற்பது அடி நீளமும் முப்பது அடி அகலமுமாக நாம் இப்போது அமர்ந்திருக்கிறோமே, இந்தப் புல்தரையின் கதையைச் சொல்லத்தான் எழுந்தேன். இங்கே முன்பும் புல் இருந்தது. கேப்டன் பணி ஓய்வு பெற்று வந்த முதல் ஆண்டிலேயே தன் கையால் வைத்த புல். அதை அவர் வளர்த்தாரா? இல்லை, ஆண்டார்! காலையில் கல்லுருளையை இழுத்து, கப்பல் மேல்தளம் போலத் தட்டையாக்குவார். மாலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் தண்ணீர் தெளிப்பார். வாரம் இருமுறை மொட்டை அடிப்பார். தனக்கல்ல, புல்லுக்கு!

அதில் கால் வைக்க யாருக்காவது உரிமை உண்டா? இரண்டாம் மாடிப் பல் மருத்துவர், அதோ சிரிக்கிறாரே, அவருடைய சட்டை ஒருநாள் கொடியிலிருந்து பறந்து இந்தப் புல்லில் விழுந்தது. எடுக்கப் போனார். கேப்டன் குரல் கொடுத்தார்.

"யார் அது? நில்லுங்க அங்கேயே!"

"சட்டை விழுந்துடுச்சு சார்."

"சட்டை விழலாம். நீங்க வரக் கூடாது."

நீண்ட கம்பில் கொக்கி கட்டி, ஓரத்தில் நின்றபடியே கேப்டன் அந்தச் சட்டையை மீன் பிடிப்பதுபோலப் பிடித்துக் கொடுத்தார். பல் பிடுங்குகிற கைகள் பணிவோடு வாங்கிக்கொண்டன.

இத்தனை காவலிலும் புல் வாடியது. ஓரம் மஞ்சளானது, நடுவே திட்டுத்திட்டாக மண் தெரிந்தது. இந்த நேரம் பார்த்து, நகரின் அழகிய குடியிருப்பைத் தேர்ந்தெடுக்க நடுவர் குழு வருவதாகச் செய்தி வந்தது. கேப்டன் என்ன செய்தார்? சொல்லட்டுமா சார்? தலையை அசைக்கிறார். 'வேண்டாம்' என்றுதான் அசைக்கிறார். ஆனால் அசைந்தது அசைந்ததுதான்!

புல்லுக்குப் பச்சைச் சாயம் அடித்தார், அன்பர்களே! தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, மூலை முடுக்கெல்லாம் அடித்தார். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப் பட்டு. நடுவர்கள் மெய்ம்மறந்து அதன்மேல் நடந்தார்கள். அவர்களை மட்டும் கேப்டனால் தடுக்க முடியவில்லை. நடந்தவர்கள் படியேறினார்கள், படியெல்லாம் பச்சை. வராந்தாவுக்குப் போனார்கள், வராந்தா எல்லாம் பச்சை. என் லிஃப்ட்டுக்குள் மட்டும் பதினோரு பச்சைப் பாதங்களை எண்ணினேன். ஒற்றைப்படையில் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்த வாரமே பொதுக்கூட்டம். அவமானத்தில் முகம் கறுத்துப்போன கேப்டன் எழுந்தார்.

"இனிமே இங்க புல்லே வேணாம். சிமெண்ட் கல்லைப் பதிச்சு காரை நிறுத்திக்கோங்க. என்னை விட்டுடுங்க."

சம்மதம் என்றால் கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினோம். முதலில் உயர்ந்த கை எது தெரியுமா? இதோ, இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறதே, இந்தக் கைதான். கேப்டனைக் கிண்டல் செய்கிற நான், என் பங்கை மறைத்தால் அது நியாயமா?

அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். மருத்துவமனையில் பணி முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்த நர்ஸ் அக்கா. தரைத்தளத்தில் எனக்கு எதிர்வீடு. அவர் கணவர் இருபத்திரண்டு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். நாமெல்லோரும் டிரைவர் அண்ணன் என்போம். போன ஆண்டு பக்கவாதம் வந்து, இடக்கையும் இடக்காலும் முடங்கின. அதன்பின் அவரைப் பார்க்கப் போனவர்கள் எத்தனை பேர்? வேண்டாம், இந்தக் கேள்விக்கு யாரும் கை தூக்க வேண்டாம்.

அக்கா பேசினார். "எல்லாரும் கையைத் தூக்கிட்டீங்க. என் வீட்டுக்காரரால இப்ப ஒரு கையைத்தான் தூக்க முடியும். அவருக்காக நான் ரெண்டு வார்த்தை பேசலாமா?"

பதிலுக்குக் காத்திராமல் அக்காவே தொடர்ந்தார்.

"டாக்டர் நடக்கச் சொல்றார். கால் கொஞ்சம் கொஞ்சமா வருது. பயம்தான் போக மாட்டேங்குது. நம்ம நடைபாதையில ரெண்டு தடவை விழுந்தார். ரெண்டாவது தடவை தாடையில ஆறு தையல். அன்னிக்கு ஜன்னல்கிட்ட உட்கார்ந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கல. நடக்கப் பழகணும்னா விழுந்துதான் ஆகணும். விழுந்தா அடிபடாத இடம் ஒண்ணு வேணும் சார். நாங்க அழகுக்குக் கேக்கல."

உயர்ந்திருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. என் கை கடைசியாக இறங்கியது. வெட்கம் கனத்தால் கை சீக்கிரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். அது அப்படியே உறைந்து போகும் என்று அன்றுதான் தெரிந்தது. கேப்டன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"எனக்கு மூணு மாசம் குடும்மா" என்றார்.

மறுநாள் காலை. கேப்டன் கடப்பாரையோடு நிற்கிறார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

"கேப்டன் சார், தப்பா நினைக்காதீங்க. புல்லு தானா சாகல. நீங்கதான் கொன்னீங்க."

"நானா? தினமும் தண்ணி விட்டேனே!"

"அதான் சார். தினமும் நாலு சொட்டு. மேலேயே கிடைக்கும்போது வேர் எதுக்குக் கீழ போகும்? உருளையால அழுத்தி அழுத்தி மண்ணைக் கல்லாக்கிட்டீங்க. நீங்க விடற தண்ணி உள்ள இறங்கல, எங்க வாசலுக்குத்தான் வருது. ஒரு வருஷமா பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க சார் ஜன்னல் பக்கம் பாத்தீங்க?"

கேப்டன் கடப்பாரையைக் கீழே வைத்தார். நான் என் நீளமான ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்து மண்ணில் குத்திப் பார்த்தேன். விரல் நகம் அளவுக்கு இறங்கியது, அதோடு நின்றது.

அன்று தொடங்கியது அந்த அரும்பணி! ஜன்னல் கம்பியில் டிரைவர் அண்ணன் கைத்தடியால் ஒருமுறை தட்டினால், நில். இருமுறை தட்டினால், போகலாம். கடலில் கட்டளையிட்ட கேப்டன், கைத்தடிச் சத்தத்துக்குக் கட்டுப்பட்டார்! காய்ந்த புல்லையெல்லாம் வாரி எடுத்தோம், மெத்தையைப் பிய்த்ததுபோல வந்தது. ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைக் கொத்தினோம். மணலும் மக்கிய உரமும் கலந்தோம். தாய்மார்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றினார்கள். நீளப் பலகையை இழுத்துச் சமன் செய்தோம். சாணுக்கு ஒரு கொத்தாகப் புல் நட்டோம். பல் மருத்துவர் நட்ட வரிசை மட்டும் பல்வரிசைபோல நேராக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிறகு? பிறகு ஒன்றும் இல்லை. காத்திருந்தோம். ஒரு மாதம் கழித்துக் கோரைக் களை கிளம்பியது. கேப்டன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"போச்சு. எல்லாம் போச்சு."

"போகல சார். கோரையோட தலையை மட்டும் கிள்ளாதீங்க, அடியில கிழங்கு இருக்கு. தோண்டி அதையும் எடுங்க. அவசரப்பட்டா நான் இன்னும் ஒரு வருஷம் இந்த ஜன்னல்லயே உட்காரணும்."

கேப்டன் எழுந்தார். பன்னிரண்டு நாட்கள் மண்டியிட்டுக் கிழங்கு கிழங்காகத் தோண்டினார். வாரம் இருமுறை மட்டும், வேர்வரை இறங்கும்படி நிறையத் தண்ணீர் விட்டார். முதல்முறை வெட்டும்போது நுனியை மட்டும் வெட்டினார். கை துறுதுறுத்தது, மொட்டையடிக்க மனம் துடித்தது, கைத்தடி ஒருமுறை தட்டியது, நின்றுவிட்டார்!

மூன்று மாதம் மூன்றரை மாதமானது. சென்ற மாதம் ஒரு காலைவேளை, டிரைவர் அண்ணன் வாசலைத் தாண்டினார். இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் கேப்டன். புல்லின் ஓரம்வரை வந்தார். செருப்பைக் கழற்றினார். வெறுங்கால் வைத்தார்.

"ரெண்டு பேரும் கையை விடுங்க."

விட்டார்கள். ஒரு அடி. இரண்டு அடி. மூன்று. நான்கு. ஐந்தாவது அடியில் இடக்கால் மடங்கியது. விழுந்தார்!

கேப்டன் பாய்ந்தார். பால்கனிகளில் தாய்மார்கள் அலறினார்கள். அண்ணன் முகம் புல்லில் புதைந்திருந்தது, தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றுதான் நினைத்தோம். புரட்டிப் பார்த்தால், சிரிக்கிறார்!

"வலிக்கல! ஏய், இங்க பாரு, வலிக்கவே இல்ல!"

அவ்வளவு பெரிய கூட்டத்தில் குரல் நடுங்காமல் பேசிய அக்கா, அந்த ஒரு வார்த்தைக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதார். கேப்டன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு, "நானும் விழுந்து பாக்கறேன்" என்று சொல்லித் தொப்பென்று விழுந்தார். கேப்டன் வீட்டு அம்மா மாடியிலிருந்து கேட்டார்: "விழறது சரி, உங்களை யார் தூக்கறது?"

அன்று டிரைவர் அண்ணன் ஒன்பது முறை விழுந்தார். பத்து முறை எழுந்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் கணக்குப்படி ஒன்பது முறைதான் எழுந்தார். அது போதாதா?

அன்பர்களே! எதற்காக வளர்த்தோம் இந்தப் புல்லை? பரிசுக்கா? பார்வைக்கா? பக்கத்துக் குடியிருப்பின் பொறாமைக்கா? நிற்பவர்கள் நாம், நிமிர்ந்து நடப்பவர்கள் நாம், நமக்கு எந்தத் தரையும் தரைதான்! விழுகிறவருக்குத்தானே தரை எப்படிப்பட்டதென்று தெரியும்! இன்று அவர் விழுந்தார், நாளை நான் விழலாம், மறுநாள் நீங்கள் விழலாம். விழுந்தவரைப் பார்த்து ஊர் சிரிக்கும் காலத்தில், விழுந்தவரே சிரிக்கும்படி ஓர் இடம் செய்தோமே, அதுவன்றோ பெருமை! அதுவன்றோ பசுமை!

அறுபது வயதுக்கு மேல் மண்டியிடக் கற்றுக்கொண்ட கேப்டனுக்கு நன்றி. கேட்கத் துணிந்த நர்ஸ் அக்காவுக்கு நன்றி. வாளி சுமந்த கைகளுக்கும், என் பேச்சைச் சுமந்த காதுகளுக்கும் நன்றி. டிரைவர் அண்ணனுக்கு நேரில் நன்றி சொல்லலாமென்றால், ஆளே இருக்கையில் இல்லை. நான் பேசத் தொடங்கியதிலிருந்து உங்களுக்குப் பின்னால் இந்தப் புல்தரையின் ஓரத்தில் முனைக்கு முனை நடந்துகொண்டிருக்கிறார். இது நான்காவது சுற்று. திரும்பிப் பார்க்காதீர்கள், கவனம் சிதறிவிடும்... சரி, பாருங்கள், பாருங்கள்!

வழிவிட்டு அமருங்கள், வாயார வாழ்த்துங்கள். வந்தோர்க்கும் இனி வருவோர்க்கும் வணக்கம்!