ஒன்பது சீட்டு

— நேரா திருகாணிய முறுக்காதீங்க அத்தான், பலகை பிளந்துக்கும். முதல்ல ஆணியால ஒரு துளை போடுங்க.

— போட்டாச்சு மாப்ள. உன் மரவேலைப் பாடத்த உன் பட்டறையில வச்சுக்க.

— என்ன இது, பொம்மை ஏரோப்ளேனுக்குத் தொட்டிலா?

— ஜிக்கு, ஒட்டுறப்ப தாங்கிப் பிடிக்கிற சட்டம். நடுவுல விமானத்தோட உடம்பு நிக்கும். ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல கட்டை. இறக்கைய ஒட்டி அதுமேல வச்சுட்டா, பசை காயுற வரைக்கும் அசையாது.

— இத்தனை வருஷம் இது இல்லாமத்தான ஒட்டுனீங்க?

— இத்தனை வருஷம் உங்கக்கா பிடிச்சா. இருபது நிமிஷம், மூக்கு அரிச்சாக்கூட கைய எடுக்க மாட்டா. அவ போய் மூணு மாசம் ஆச்சு. இனி யாரு பிடிப்பா, நீயா?

— எனக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல இருப்பு கொள்ளாது. அது சரி, அலமாரியில இருந்த பழசையெல்லாம் ஏன் கீழ இறக்கிட்டீங்க?

— ஜிக்கு சரியா இருக்கான்னு பார்க்க ஒண்ண வச்சேன். ஆடுச்சு. வலது இறக்கை கட்டையில இடிக்குது, இடது தூக்கிக்கிட்டு நிக்குது.

— அப்ப ஜிக்குதான் கோணல்.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். ரெண்டு தடவை பிரிச்சுக் கட்டினேன். அப்புறம் எல்லாத்தையும் வரிசையா வச்சுப் பார்த்தேன். வயித்துல தேதி இருக்கு, பாரு. இது ஆறு வருஷம் முன்னாடி. கச்சிதமா உட்காருது. இது அடுத்த வருஷம். இடது இறக்கைக்குக் கீழ ஒரு சீட்டு நுழையுது.

— அளக்க சீட்டுக்கட்டுதான் கெடைச்சுதா?

— இது நாலு சீட்டு. கடைசியா ஒட்டினதுக்கு ஒன்பது.

— அத்தான், போதும். எடுத்து வைங்க.

— வலது பக்கம் பிடிக்கிறது அவதான் மாப்ள. டாக்டர் நோயக் கண்டுபிடிச்சது போன வருஷம். கை இறங்க ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் ஆச்சு. நான் இதே மேசையில எதிர்ல உட்கார்ந்திருக்கேன்.

— யாரு கண்டா.

— இந்த ஒன்பது சீட்டுக்காரனத் தூக்கிப் பார்த்துட்டு, ‘ஒரு இறக்கையப் பிடிக்கத் துப்பில்ல’ன்னேன். சிரிச்சா.

— விடுங்க.

— அவளுக்கே தெரிஞ்சிருக்காது, இல்ல? தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பா. எனக்கு அது ஒண்ணு போதும்.

— ம்.

— என்ன ம்? வாயத் தொறந்து சொல்லு.

— அந்த ஒரு சீட்டு வருஷமே எங்கிட்டச் சொன்னா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். ‘அவருக்குத் தெரிஞ்சா இறக்கையப் பிடிக்க வேற ஏதாவது வழி பண்ணிக்குவாருடா, அந்த இருபது நிமிஷந்தான் எம் முன்னாடி உட்கார்றாரு’ன்னா.