இரண்டாம் பாகம்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். எனக்குச் சொன்னவர் யோசேப்பு. போடியில் என்னோடு ஒரே ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தவர். நடந்தது அவருக்கு அல்ல, அவருடைய அக்கா புருஷன் சத்தியநேசனுக்கு. யோசேப்பு எதையும் ஒரேயடியாகச் சொல்ல மாட்டார். நடுவில் வெகுநேரம் பேசாமல் இருப்பார். அந்த இடைவெளிகளை நானாக எதையாவது போட்டு நிரப்பியிருக்கக்கூடும்... அந்தக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். இன்னும் கிட்டே உட்காருங்கள்.

ஐம்பத்து நாலாம் வருஷம், மார்கழி. மாலை நாலு மணி. போடிமெட்டுப் பாதையில் ஒரே ஒரு ஜீப்பு ஏறிக்கொண்டிருந்தது. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. பகல்தான். ஆனால் மூடுபனி இறங்கிவிட்டது. வளைவு திரும்பினால் அடுத்த வளைவு தெரியாது.

ஓட்டியவன் காசிமாயன். பக்கத்தில் சத்தியநேசன், போடிக் கிளை நூலகத்தின் நூலகர்.

சத்தியநேசன் நூலகத்தில் ஒரு பழக்கம் வைத்திருந்தார். மாதம் ஒரு முறை, தகரப் பெட்டி நிறையப் புத்தகங்களை மலைச்சரிவில் இருக்கும் ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோவார். அங்கே படிக்கத் தெரிந்தவள் ஒரே ஒருத்திதான். கருத்தம்மா. ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். சாயங்காலம் ஸ்டோரில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய்ந்த காயில் காம்பு கிள்ளுவார்கள். கருத்தம்மா மட்டும் கிள்ள மாட்டாள். பலகையில் உட்கார்ந்து உரக்க வாசிப்பாள். அவள் பங்கு வேலைக்கு, மற்றவர்கள் தாங்கள் கிள்ளியதில் ஆளுக்கு ஒரு கை அள்ளி அவள் கூடையில் போடுவார்கள். வாசிப்பு நடக்கும்போது யாரும் பேசக்கூடாது. மேஸ்திரி வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

அந்த வருஷம் நூலகத்துக்கு வந்த பணம் குறைந்துபோனது. மலைப் பெட்டியை நிறுத்தச் சொல்லி மேலே இருந்து உத்தரவு. தோட்டத்துக்கு ரேடியோ வந்தாயிற்று, ஊருக்கே ஒரு குரல் பேசும்போது பெட்டிக்கு ஜீப்பு வாடகை எதற்கு என்றார்கள். தோட்டத்தில் கிடக்கும் பெட்டியின் புத்தகங்கள் அலமாரிக்குத் திரும்பினால்தான் போடிக் கிளை கிளையாக இருக்கும். இல்லாவிட்டால் மூடிவிட்டு, இருப்பதை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மறுநாள் காலையில் அதிகாரி வருகிறார். அன்று இருட்டுவதற்குள் பெட்டி இறங்கியாக வேண்டும். மழையில் பாதை கெட்டு, இரண்டு மாசமாக அவர் மலைக்கு ஏறவே இல்லை.

சத்தியநேசனின் தோள்பையில் ஒரு புதுப் புத்தகம் இருந்தது. கருத்தம்மா ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கதையின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில், ஒரு பெண் கொட்டும் மழையில் ஆற்றைக் கடந்துபோய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவாள். அதோடு முடிந்துவிடும். இரண்டாம் பாகம் வாங்க முடியாமல் தள்ளிக்கொண்டே வந்து, அந்த வாரம்தான் கிடைத்தது. இன்னும் பதிவில் ஏற்றவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு, இந்த ஒன்றை மட்டும் சத்தமில்லாமல் அவளிடம் விட்டுவரலாம் என்று நினைத்திருந்தார்.

"இனிமே எனக்கு இந்தச் சொமை இல்ல," என்றானாம் காசிமாயன். "ஒங்க பொட்டியத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு சார்."

"புஸ்தகத்தாலயா போச்சு? போன வாரம் கள்ளு குடிச்சிட்டு எந்த ஓடையில கெடந்தேன்னு ஊருக்கே தெரியும்."

"அது மேலு வலிக்கு, சார்."

அவர்கள் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

ஸ்டோருக்கு ஜீப்பு போகாது. காசிமாயன் வளைவிலேயே நின்றுகொண்டான். சத்தியநேசன் ஒற்றையடிப் பாதையில் நடந்தார். பனி முகத்தில் ஈரத்துணி போல ஒட்டியது. காட்டில் ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. முதலில் விறகுப் புகை வாசம். பிறகு சூடேறிய ஏலக்காயின் வாசம், கண் எரிகிற அளவுக்கு. அப்புறம்தான்... குரல்.

கருத்தம்மாவின் குரல். வரி முடிகிற இடத்தில் கொஞ்சம் இழுப்பாள், அதே இழுப்பு.

சத்தியநேசன் வழக்கப்படி வெளியே நின்றார். விறகு அடுக்கில் உட்கார்ந்தார். மழை, ஆறு, அந்தப் பெண்ணின் பெயர். முதல் பாகத்தைத்தான் மறுபடி வாசிக்கிறாள் என்று நினைத்தார். கதவு திறந்தது. விளக்கோடு ஒரு கிழவர் வெளியே வந்தார். அவளை உள்ளே வரச் சொன்னார்...

இது முதல் பாகத்தில் இல்லை.

பையைத் திறந்தார். புத்தகம் இருந்தது. அப்போதெல்லாம் சில புத்தகங்கள் தாளின் மடிப்பு வெட்டாமலே வரும். கத்தியால் கிழித்துத்தான் படிக்க வேண்டும். இதுவும் அப்படித்தான். ஒரு மடிப்புகூடக் கிழியவில்லை. வேறு பிரதி இவ்வளவு தூரம் ஏற வழியில்லை.

எழுந்து உள்ளே போயிருக்கலாம். திரும்பி ஓடியிருக்கலாம். அவர் இரண்டும் செய்யவில்லை. அவருக்கும் கதை தெரிய வேண்டியிருந்தது. வெளிச்சம் மங்கியது. குரல் ஓர் இடத்தில் தணிந்து, மெதுவாக வந்தது. "அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்றிருந்தது..."

பனியா, புகையா, தெரியாது. சத்தியநேசன் இருமிவிட்டார்.

குரல் நின்றது.

வெகுநேரம் கழித்துக் கதவைத் தள்ளினார். லாந்தர் வெளிச்சத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பலகை. பலகையில் யாரும் இல்லை. அதன் முன்னால் ஒரு கூடை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி குனிந்து, ஒரு கை அள்ளி அதில் போட்டாள். மூலையில் ரேடியோ. பாட்டரி சார்ஜு ஏற்றக் கீழே போயிருந்தது.

கருத்தம்மா எங்கே என்று கேட்டார்.

வட்டத்தில் மூத்தவள் ராமுத்தாய். சிலமலைக்காரி. ஐப்பசியிலேயே காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொன்னாள். தேதி சொல்வது போலச் சொன்னாள். பிறகு அவரையே பார்த்தாள்.

"நீங்க இருமாம இருந்திருக்கலாம் சார்."

யாரும் தலை நிமிரவில்லை. கிள்ளிய காம்புகள் விழும் சத்தம் மட்டும்.

"தெனமும் கொஞ்சங் கொஞ்சமா வருது," என்றாள் ராமுத்தாய். "இன்னைக்கு முடிச்சிருப்பா. இனிமே வருவாளான்னு தெரியல. ஒங்க பையில இருக்குல்ல? மிச்சத்த மட்டும் வாசிச்சிட்டுப் போங்கப்பு."

"ரேடியோ இருக்கே, ஆத்தா..."

"அது அதுபாட்டுக்குப் பேசிட்டுப் போவுது. நில்லுன்னா நிக்காது. மறுபடி சொல்லுன்னா சொல்லாது."

ஒருத்தி எழுந்து பலகையைத் துடைத்தாள். அவருக்காக.

அவர் உட்கார்ந்திருக்கலாம். கொஞ்ச நேர வேலை. ஆனால் கீழே காசிமாயன் ஹாரன் அடித்தான். விடிந்தால் அதிகாரி. அதைவிட, அந்தப் பலகை. துடைத்த இடத்தில் ஈரம் காயாமல் இருந்தது. அதில் தன்னால் உட்கார முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. அடுத்த மாசம் வந்து வாசிக்கிறேன் என்றார். அடுத்த மாசம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். புத்தகத்தையாவது விட்டுப் போகச் சொன்னாள் ராமுத்தாய்.

"படிக்க ஆளில்லாத எடத்துல புஸ்தகம் எதுக்கு, ஆத்தா?"

நூலகர் புத்தி. ஆளில்லாத புத்தகம் அலமாரிக்குத் திரும்ப வேண்டும். அதைத்தான் சொன்னார்.

 இரண்டு பேர் எழுந்து தகரப் பெட்டியை அவர் தலையில் ஏற்றிவிட்டார்கள். அவர் பாதையில் இறங்கும்போது பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கதவுக்குப் பின்னால் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது போன்ற அமைதி. கீழே வந்ததும் காசிமாயன் ஏதோ கேட்டான். இவர் பெட்டியை ஏற்றிவிட்டு, பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். 

அன்றிரவு நூலகத்தில், மின்விளக்கின் கீழ், கத்தியால் மடிப்புகளைக் கிழித்தார். மழை. கதவு. கிழவர். விளக்கு. ஒரு சொல் மாறவில்லை. "அவள் திரும்பிப் பார்த்தாள்" வரை வந்தார். அதற்கு மேல் கத்தி ஓடவில்லை. புத்தகத்தை மூடிவிட்டார்.

அதிகாரி வந்தார். அலமாரிகளைப் பார்த்தார். திருப்தி என்றார்.

மிச்சம் இதுதான். போடிக் கிளை தப்பியது, இன்றும் இருக்கிறது. ரேடியோ ஒரு மழைக்காலத்தோடு ஊமையாகி, பிறகு யாரும் அதைச் சரிசெய்யவில்லை. காசிமாயன் ஜீப்பை விற்றுவிட்டுக் கம்பத்துப் பக்கம் போய் லாரி ஓட்டுகிறான். ஸ்டோரில் இருந்த பெண்கள் பல தோட்டங்களுக்குச் சிதறிப்போனார்கள். ராமுத்தாய் போன வருஷம் சிலமலையில், மகள் வீட்டில் இறந்தாள். கடைசி நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பெறகு?" என்று கேட்டாளாம். கேட்டுவிட்டுக் காத்திருப்பாளாம். தலையை ஆட்டுவாளாம். மறுபடி, "பெறகு?" சாயங்காலம் சிரித்த முகத்தோடு போனாள்.

சத்தியநேசன் இந்தத் தை மாதம் இறந்தார். ஒரு சாயங்காலம், வீட்டில், நாற்காலியில். அவர் மனைவி, யோசேப்பின் அக்கா புஷ்பலதா, அடுப்படியில் இருந்தார், ஒரு சத்தமும் காதில் விழவில்லை என்கிறார். யோசேப்புதான் முதலில் பார்த்தார். சத்தியநேசன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். கைகளை மார்பில் சேர்த்து வைக்க நாலு பேர் முயன்றார்கள். வரவில்லை. அப்படியேதான் அடக்கம் செய்தார்கள்.