சூப்பர்வைசர் சாய்ந்துவிட்டார்

"ஹலோ… ஆங், சொல்லு. சீக்கிரம் சொல்லு, டீ பிரேக்கு பத்து நிமிஷந்தான், போன திரும்ப லாக்கர்ல வெக்கணும்… இன்னாது? சூப்பர்வைசர் சாஞ்சிட்டாரா? எப்ப?"

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், கம்பெனி கேண்டீன் வாசலில் டீ ஆற்றிக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தரப் பரிசோதனைப் பிரிவு இசைவாணி அவர்களைப் பார்த்து இல்லை என்று கையசைத்தாள். அவர்களுடைய சூப்பர்வைசர் இல்லை. ஏழு வருடமாக அவள் வளர்க்கும், இப்போது வீட்டுத் தொட்டியில் இருக்கும் தங்க மீனுக்கு அந்தப் பெயர். ஒரு வேலையும் செய்யாமல், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, நாளெல்லாம் சுற்றி வருவதால் அவள் வைத்தது. போனில் பேசுவது கணவன் சாம்சன். ஒரகடத்தில் வேறு கம்பெனி. இன்று அவனுக்கு வார விடுமுறை.

"தண்ணி எப்டி கீது?… பால் மாதிரியா?… மத்த அஞ்சும்?… மேல வந்து வாயப் பொளந்துகினு நிக்குதா… யோவ், பசி இல்லய்யா அது! தீனி போட்டியா?… எத்தினி வாட்டி?… மூணு வாட்டி! மூச்சு முட்டுதுன்னு வாயத் தொறந்தா சோறு ஊட்டுவியா? ஆஸ்பத்திரில ஆக்சிஜன் வெச்சிருக்கவனுக்கும் பிரியாணிப் பொட்டலத்தோட போய் நிப்ப போல."

…

"இரு, இரு. நேத்து நான் ஓவர்டைம் முடிச்சு வந்து படுத்தவ, காலைல அஞ்சரைக்கு இருட்டுல பஸ் ஏறிட்டேன். தொட்டிப் பக்கமே திரும்பல. நேத்து நீ தொட்டிய இன்னா பண்ண? மறைக்காம சொல்லு… ம்… ம்… முழுத் தண்ணியுமா?… ஒரு சொட்டு வுடாம… கேன் தண்ணி! எத்தினி கேனு?… நாலு. ரெண்டு எலுமிச்சம்பழமும் புழிஞ்சு வுட்டிருக்கலாமே. போர் தண்ணி உப்புன்னு உன்கிட்ட மீனு வந்து கம்ப்ளைன்ட் குடுத்துச்சா? ஏழு வருசமா உப்புத் தண்ணியிலதான்யா அது வளந்துது."

போன மாதம் சாம்சனுக்கு அவன் கம்பெனியில் ஷீல்டு கொடுத்தார்கள். வேலையிடத்தை மிகச் சுத்தமாக வைத்திருந்ததற்கு. அன்றிலிருந்து வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் பெயர்ச்சீட்டு. செருப்பு விடுகிற இடத்தைச் சுற்றி மஞ்சள் டேப். அது மீன் தொட்டி வரைக்கும் வராது என்று அவள் நம்பியிருந்தாள்.

"கேஸ் சிலிண்டர சுத்தி மஞ்சக் கோடு போட்ட அன்னிக்கே நான் கேட்டிருக்கணும்… தொட்டிக் கல்ல இன்னா பண்ண?… வெந்நீர்ல… சோப்பு?… போடலியா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம், ஒண்ணயாவது வுட்டு வெச்சியே… ஃபில்டர் பஞ்சு?… புதுசா! வெள்ளையா! நல்லா இருக்குதா பாக்க?… அதான, நாறிச்சாம். அது அழுக்கில்லய்யா. கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டமே அதுல குடியிருக்குது. மீனு கழியறதுல வர்ற விஷத்த அதுதான் தின்னு தீக்குது. அந்தக் கூட்டத்த வெரட்டிட்டா மீனோட கழிவே மீனக் கொல்லும்… எப்டி சொன்னா உனுக்குப் புரியும்? லைன்ல வேல பாக்கறவன எல்லாம் கேட்டுக்கு வெளிய தள்ளிட்டு, தரை பளபளன்னு கீதுன்னு போட்டோ புடிச்ச கத."

பக்கத்தில் நின்ற ரத்னா ஐந்து விரலைக் காட்டினாள். இன்னும் ஐந்து நிமிடம்.

"அவன் எப்டி கீறான்?… செவுளு ஆடுதா? நல்லாப் பாரு… ஒரு பக்கமா…"

அவள் குரல் இறங்கியது. மறைமலை நகர் ஹாஸ்டலில், எட்டுப் பேர் படுத்த அறையில், வார்டனுக்குத் தெரியாமல் ஊறுகாய் பாட்டிலில் வைத்து வளர்த்த மீன் அது. சாம்சனை அவள் சந்திப்பதற்கு இரண்டு வருடம் முன்பே வந்தது.

"உன்ன வுட சீனியர் அவன், தெரியுமா?… ஒண்ணும் பேசாத. பழைய பஞ்சு இருந்தா காப்பாத்திடலாம். குப்ப வண்டி இந்நேரம் வந்துட்டுப் போயிருக்கும்… இன்னா?… போடலியா? ஏன் போடல?… சிவப்புச் சீட்டா?"

அவளுக்கும் தெரிந்த வழக்கம்தான். தொழிற்சாலையில் வேண்டாத சாமானை உடனே எறிய மாட்டார்கள். பெயரும் தேதியும் எழுதிய சிவப்புச் சீட்டைக் கட்டி, ஏழு நாள் ஒதுக்கி வைப்பார்கள். யாரும் கேட்டு வராவிட்டால்தான் ஸ்கிராப்.

"படி, எழுதினத அப்டியே படி… 'நாறும் பஞ்சு'… 'கண்டெடுத்தவர் எம். சாம்சன்'. ஆமா, கீழடில தோண்டி எடுத்தாரு… சரி, அது காஞ்சு போச்சா?… பக்கெட்லயா? பழைய தண்ணிலயேவா ஊறுது? ஏன்?… தரையில சொட்டினா மார்க்கு போயிடுமா! வூட்டுக்கு எவன்யா மார்க்கு போட வர்றான்?… நீயேவா. நீயே போட்டு நீயே கொறச்சுக்குவியா."

ரத்னா வாயைப் பொத்திக்கொண்டாள். இசைவாணி சிரிக்கவில்லை.

"வெயில்ல வெச்சியா?… பாத்ரூமா, சரி. இப்ப கேளு. நான் சொல்றத மட்டும் செய்யி. சொந்தமா எதயும் யோசிச்சுக் கீசிச்சுத் தொலைக்காத. அந்தப் பஞ்ச எடு. கழுவாத. புழியாத. புதுசக் கழட்டிட்டு அத மாட்டு… ஆமாய்யா, சீட்ட அவுத்துட்டுத்தான்!… மாட்டிட்டியா? மெதக்கற தீனிய டீ வடிகட்டியால அள்ளு… அந்த வடிகட்டிய அப்பறம் நீயே வெச்சுக்க. தொட்டித் தண்ணி கால்வாசி மொண்டு கொட்டு… கால்வாசி! கால்வாசின்னா நாலுல ஒண்ணு. முழுசா இல்ல, ராசா. பக்கெட் தண்ணிய ஓரமா, மெள்ள ஊத்து… ஏர் மோட்டார் ஓடுதா?… ஏன் ஓடல?… சத்தமா! உன் கொறட்டைக்கு நான் உன்ன ஆஃப் பண்ணேனா? போடு மொதல்ல… போட்டியா? குமிழு வருதா?… ஆங். ரெண்டு நாளிக்கி தீனி கெடையாது. கெஞ்சினாலும் கெடையாது."

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். டீயில் ஆடை படிந்தது. ரத்னா இரண்டு விரல் காட்டினாள், பிறகு ஒன்று.

"…ம்… இருக்கேன், சொல்லு… வாலு ஆடுதா?… செவுளு ரெண்டு பக்கமும்?… சாஞ்சிகினே இருக்கட்டும், பரவால்ல… எந்தப் பக்கம் போறான்?… குமிழு பக்கமா. தானாவா?… நீ கைய வுட்டுத் தள்ளலியே?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"…அழுவல. டீ சூடு."

சங்கு ஊதியது. எல்லாரும் கோப்பைகளைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு லாக்கர் பக்கம் நகர்ந்தார்கள்.

"ஊதிட்டான். வெக்கறேன். மணிக்கொரு தரம் பாரு, ஆனா ஒண்ணும் பண்ணாத. அந்தச் சிவப்புச் சீட்டக் கிழிச்சிடாத, பத்திரமா வெய்யி. சாயங்காலம் வந்து உன் கழுத்துல கட்டறேன். ஏழு நாள் டைமு, திருந்தலன்னா ஸ்கிராப்பு… இன்னா?… இன்னா சொன்ன? உன் சிஸ்டந்தான் அவனக் காப்பாத்திச்சா?… ஹலோ… ஹலோ… கேக்கலப்பா… இங்க சிக்னல் இல்ல… ஒண்ணுமே கேக்கல…"

திரையில் சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தன. அவள் போனை அணைத்து லாக்கருக்குள் வைத்துப் பூட்டினாள்.