லெம்பியின் குரலுக்குப் பத்துத் தீர்ப்பு

மேடையை நிறைத்திருக்கும் தலைவர் டாக்கெட் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே, பிள்ளையை மடியில் கிடத்தியபடியே பிழை திருத்தும் தாய்மார்களே, விண்டோசுக்கென்று பிறந்த மென்பொருளை லினக்சிலும் வாழவைக்கும் தொண்டர்களே! எழுத்தறியாத சுரங்கக் கிழவன் அர்வோவின் வணக்கம்.

என் மனைவி லெம்பி எழுதுவாள். எனக்கு வாசிக்கத் தெரியாது. புற்றுநோய்க்காக அவள் குரல்வளையை எடுத்தார்கள். அதற்கு முன்பே, மூன்று வாரம் உட்கார்ந்து, ஒரு விண்டோஸ் மென்பொருளில் தன் குரலைப் பதிந்து வைத்தாள். அவள் தட்டினால் அது பேசும். அதைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள்; பழைய கணினியும் செத்தது. நூலகம் கொடுத்த கணினியில் இருந்ததோ லினக்ஸ்; விண்டோஸ் மென்பொருள் அதில் தானாக ஓடாதாம். உங்கள் உழைப்பால் அதிலும் லெம்பி பேசினாள்.

போன மார்ச்சில் உங்கள் மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தது. பேச்சு வந்தது, லெம்பி வரவில்லை! சொல் அவளுடையது, சுருதி அவளுடையதல்ல.

"நல்லாத்தானே கேக்குது?" என்றார் மருத்துவர். லெம்பியும் தலையாட்டினாள். தன் குரலைத் தானே வெளியில் நின்று கேட்டவர் யார்? ஐம்பத்தோராண்டு கேட்டவன் நான்!

வின்னிபெக்கிலிருக்கும் உங்கள் நோரீனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"எனக்கு வித்தியாசமே தெரியலையே பெரியவரே."

"உனக்கு எப்படித் தெரியும் தாயி? அவ உன்னைத் திட்டினதில்லையே!"

சிரியுங்கள், அவளும் சிரித்தாள்.

"அப்ப உங்க காதுதான் அளவுகோல். பழைய பதிப்புக்கும் புதுசுக்கும் இடையில ஆயிரம் மாற்றம் நடந்திருக்கு. நடுவுல நிறுத்திப் போட்டுக் காட்டுறேன். நல்லதா, கெட்டதான்னு மட்டும் சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் சந்தேகத்துல பாதி கழிஞ்சிடும்."

எழுத்து வேண்டாம், இரண்டே சொல் போதும்! நோரீன் அங்கிருந்தே எங்கள் கணினியை இயக்கினாள். லெம்பி ஒரே வாக்கியத்தைத் தட்டினாள்: "காபி ஆறுது, வா."

கெட்டது என்றேன். நல்லது என்றேன். கெட்டது... கெட்டது... நல்லது... பத்தாம் முறை அகப்பட்டது.

"ஐயோ, இது நான் செஞ்சது!" என்றாள் நோரீன். லெம்பியின் குரல் மென்பொருள் நேரக்கணக்கைக் கோணலாகக் கேட்குமாம். கேட்டபடியே கொடுத்தால்தான் சரியாகப் பேசுமாம். இவள் நேராக்கிக் கொடுத்திருக்கிறாள். "சரியா எழுதினேன், அதான் கெட்டுப்போச்சு. திரும்பக் கோணலாவே வைக்கிறேன்."

பெரியோர்களே! தான் கண்ட சரியைத் தன் கையால் அழிப்பது எளிதா? முகமறியாத ஒருத்தியின் குரலுக்காக அடுத்தவர் கோணலைக் கட்டிக் காப்பது எளிதா? அதைச் செய்தீர்கள். புகழுக்கா செய்தீர்கள்? பொருளுக்கா செய்தீர்கள்?

பழைய குரல் திரும்பிற்று. லெம்பி தட்டினாள்:

"என்னத்துக்கு அழுகுற? காபி நிசமாவே ஆறிப்போச்சு."

அதே இழுப்பு. அதே அதட்டல்.

அவையோரே, நன்றியை என் குரலில் கேட்டுவிட்டீர்கள். அதோ, கதவோரம் கணினியோடு அமர்ந்திருக்கிறாள். வணக்கத்தை அவள் குரலில் கேளுங்கள்.

லெம்பி, தட்டும்மா!