வடக்கைத் திருத்திய பேராசிரியர் குசுனோகி சுமியே அவர்களுக்கு ஆய்வுக்கூடத்தார் வாசித்தளிக்கும் மடல்

ஆழ்கடல் அடிப்பாறை அமிழும் அதிசயத்தை அலைகளால் அளந்தவரே! அறிவுக்கு அரணே! அஞ்சாமைக்கு அணியே! முப்பது ஆண்டுகளாக எங்கள் ஆய்வுக்கூடத்தின் முதுகெலும்பாய் நின்ற பேராசிரியர் குசுனோகி சுமியே அம்மையீர், வணக்கம்! மரியாதைக்குக் குனிவது நம் ஜப்பான் நாட்டு வழக்கம். இன்று வெட்கமும் சேர்ந்து எங்கள் கழுத்தை அழுத்துகிறது.

கீ தீபகற்பத்தின் கரைக்கடியில் கடலடிப் பாறைமேலோடு சாய்ந்து நிலத்தினுள் நுழைகிறது. நுழையும் அழுத்தத்தில் அதன் கனிமங்கள், வெள்ளத்தில் படிந்த நாணற்புல் போல், ஒருமுகமாய்ப் படுக்கின்றன. அவ்வழி வரும் நிலநடுக்க அலை இரண்டாய்ப் பிளந்து, ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். முந்துவது எத்திசையில் அசைகிறதோ, அத்திசையே கனிமங்கள் படுத்த திசை. கண்காணா ஆழத்தை இந்நுட்பத்தால் படித்துக் காட்டினீர்கள். நிலநடுக்கம் பதியும் கருவியைத் தோளில் சுமந்து மலையேறினீர்கள். மாணவர் பசித்திருக்கத் தாங்கள் உண்டதில்லை. தங்கள் பையில் மிக்கான் ஆரஞ்சு இல்லாத குளிர்காலத்தை நாங்கள் கண்டதில்லை.

ஹிரோஸே முனையின் பழைய சுரங்கத்தில் இருக்கும் அளவை நிலையத்தில் மட்டும் அத்திசை குறுக்கே திரும்பியிருந்தது. மேலோடு அங்கே முறுக்கிக்கொண்டிருக்கிறது என்றீர்கள். உலகம் வியந்தது! அந்த முறுக்கின்மேல் முனைவர் பட்டங்கள் எழுந்தன, எங்கள் பதவிகள் எழுந்தன, வரும் ஐந்தாண்டு நிதிக்கான விண்ணப்பமும் எழுந்தது.

சென்ற மாதம், ஓய்வுக்கு முன் ஒருமுறை பார்த்துவர அச்சுரங்கத்துள் சென்றீர்கள். வடக்கைக் காட்ட வேண்டிய கருவியின் அம்புக்குறி கிழக்கைக் காட்டிற்று! பழைய கருவியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்த அன்று, கம்பிவடம் முன்போலவே அதே பக்கம் வரும்படி வைத்துவிட்டீர்கள். புதிய கருவியிலோ வடம் அம்புக்குறிக்கு வேறு பக்கத்தில் வெளிவரும். பாறை முறுக்கவில்லை, கருவிதான் திரும்பியிருந்தது.

அன்று மாலை இணைப்பேராசிரியர் நாகுரா எங்கள் அனைவர் சார்பிலும் தங்கள் அறைக்கு வந்து, ஆசிரியரை அழைக்கும் 'சென்செய்' என்ற சொல்லோடு தொடங்கினார்.

"சென்செய், கடைசி உரையில இத மட்டும் எடுக்காதீங்க. நிதி கையெழுத்தாகட்டும். ஏப்ரல்ல மெதுவாச் சொல்லிக்கலாம்."

"ஏப்ரல்ல சொன்னா, ரிட்டையர் ஆன கிழவி உளர்றான்னு நீதான் முதல்ல சொல்லுவ, நாகுரா."

"எங்க பொழப்பு போயிடுமே, சென்செய்!"

"போகட்டும். பாறை எங்கயும் போகாது. போய்த் திரும்ப அளங்க."

வாழ்நாள் சாதனையை விரித்துரைக்க வேண்டிய இறுதி உரையில், மலர்க்கொத்துகளோடு மன்றம் காத்திருக்க, அந்த அம்புக்குறியின் படத்தைத் திரையிட்டு, "இது நான் செஞ்ச தப்பு" என்றீர்கள். கைதட்ட ஒரு கையும் எழவில்லை. விண்ணப்பம் விழுந்தது. தங்கள் பெரும்புகழும் அதனோடு விழுந்தது.

ஆனால் அம்மையீர், தொலைநாட்டு நிலநடுக்கம் ஒன்றின் முதல் அசைவை எடுத்து, அது வந்த திசையோடு ஒப்பிட்டு ஒரு பிற்பகல் கணக்கிட்டிருந்தாலே அக்கோணல் தெரிந்திருக்கும். ஏன் கணக்கிடவில்லை? சென்செய் வைத்த கருவியைச் சிறியவர் சோதிப்பதா என்றிருந்தோம். பணிவு என்று பெயரிட்டு அச்சத்தை வளர்த்தோம்! மரியாதை என்று பெயரிட்டுச் சோம்பலைப் போற்றினோம்! கேள்வி கேளாத கூடம் ஆய்வுக்கூடமா, அடிமைக்கூடமா? போதாததற்கு, உண்மை பேச எழுந்த வாயைப் பொத்தவும் ஆள் அனுப்பினோம். அதை நினைக்க நினைக்கக் கூசுகிறோம்.

நேற்றுத்தான் அந்தக் கணக்கை எல்லா நிலையங்களுக்கும் போட்டோம். இன்னும் இரண்டு கருவிகள் கோணலாய் நிற்கின்றன. இரண்டும் நாங்கள் வைத்தவை. ஒன்று நாகுரா தம் கையால் வைத்தது. நாளைக் காலை எங்கள் பெயர்களோடு அதை அறிவிக்கிறோம்.

மங்காத கண்ணொளியும் தளராத கால்களும் பெற்று, நூறாண்டு கடந்தும் மலையேறி வாழ்க! எங்கள் கருவிகளைத் தாங்களே வந்து சோதியுங்கள். வருவதை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

நாணத்துடனும் நன்றியுடனும்,
நாகுராவும் நிலநடுக்க ஆய்வுக்கூடப் பணியாளர் அனைவரும்
வாகாயாமா, மார்ச் மாத இறுதி நாள்