ஒரு தரம்தான் கூப்பிடுவார்

இரவு பத்து மணி. கொட்டகலைக் கடைவீதியைத் தாண்டி, தோட்டத்துக்கு ஏறுகிற கல்ரோடு. ஒரு பக்கம் தேயிலை. மறுபக்கம் தைல மரங்கள். கடைசி பஸ் போய் நெடுநேரமாகிவிட்டது. மழை விட்டிருந்தாலும் மரங்கள் விடவில்லை... சொட்... சொட்... அந்த ரோட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு முடக்கு இருக்கிறது. அதற்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்பது அதைத் திரும்பிய பிறகுதான் தெரியும்.

அங்கிருந்துதான் அந்தக் குரல் வந்தது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் நண்பர் கந்தப்பன் வாத்தியாரின் சின்னம்மா மகளுக்கு நடந்தது. பெயர் பூரணி. அந்தப் பெயரை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பூரணி கொழுந்து பறிப்பவள். அவளுடைய கணவன் மதுரன் கொழும்பில், புறக்கோட்டைச் சந்து ஒன்றில், சாப்பாட்டுக் கடையில் பராட்டா போடுகிறவன். பிள்ளை இல்லை. தீபாவளிக்கு ஒரு வாரம், சித்திரைக்கு ஒரு வாரம், திருவிழாவுக்கு இரண்டு நாள். வருடத்தில் அவளுக்குக் கிடைத்த கணவன் அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் போன். "சாப்டியா? மழையா அங்க? சரி சரி, கடையில ஆளு நிக்கிது, வச்சிர்றேன்." மனிதர் பேச்சில் சிக்கனக்காரர் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

போன மழைக்காலத்தில் மதுரனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த வாரம் அவனுடைய சவப்பெட்டி வேனில் வந்தது.

லயமே வாசலில் திரண்டு நின்றது. பெட்டியை இறக்கினார்கள். வேனுக்குள், அது இருந்த இடத்துக்குப் பின்னால், இருட்டில், இரண்டு கண்கள். செம்மண் நிறத்தில் ஒரு பெட்டை நாய். மெலிந்த உடம்பு, ஆனால் பசித்த முகமில்லை. வேனில் கூட வந்திருந்த லோஜன், கடையில் மதுரனோடு வேலை செய்த இளைஞன், அதைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்:

"பூரணி, எறங்கு. ஆளுங்கள மிதிக்காம எறங்கு."

அழுதுகொண்டிருந்த பூரணி நிமிர்ந்தாள். தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்து ஓரடி நகரவும் செய்தாள். நாய் இறங்கி, அவளைக் கடந்து, பெட்டிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஒப்பாரி நின்றுபோனது. பக்கத்து வீட்டுக் காளியாயிக்கு எந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்காது.

"தம்பி, இப்ப என்னா பேரு சொன்ன?"

லோஜன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சிருங்க அக்கா... அண்ணன் வச்ச பேருங்க."

அடக்கம் முடிந்த மறுநாள், தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் மிச்சத்தையும் சொன்னான். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும், பாவம்.

அது பிறந்ததே புறக்கோட்டைத் தெருவில். மனிதர்கள் கடக்கும்போதுதான் ரோட்டைக் கடக்கும். தனியாக ஒருபோதும் இறங்காது. நின்றிருக்கும் பஸ்ஸுக்கு அடியில் தூங்கும். சாரதி கதவைத் திறக்கும் சத்தத்துக்கே வெளியே வந்துவிடும். நாய் பிடிக்கிற லொறியின் இயந்திரச் சத்தம் அதற்கு மனப்பாடம். லொறி தெருமுனைக்கு வருமுன்பே துணிக்கடைக்குள் புகுந்து, வாடிக்கையாளருடைய நாய்போல யாராவது ஒரு சீமாட்டியின் காலடியில் உட்கார்ந்துகொள்ளும். பௌர்ணமிப் போயா தினத்தில் இறைச்சிக் கடை பூட்டியிருக்கும் என்பது தெரிந்து அன்று சோறு கொடுக்கிற பன்சலை, அதாவது புத்த கோயில், பக்கம் போய்விடும். சிங்களத்தில் விரட்டினால் ஓடும். தமிழில் விரட்டினால், இவன் நம்ம ஆள்தானே என்று திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாக நகரும்.

"ராவைக்குக் கடை பூட்டினதும் அண்ணன் மிஞ்சின பராட்டாவ எடுத்துக்கிட்டு சந்து முனையில நிப்பாருங்க. 'பூரணி'ன்னு கூப்பிடுவாரு. ஒரு தரம்தான். எங்க கெடந்தாலும் ஓடியாந்துரும். அப்புறம் ரெண்டு பேரும் படியில உக்காந்து பேச்சுதான்."

"பேச்சா?" என்றாள் பூரணி.

"ஆமாங்க அக்கா. ஊருக் கத, வீட்டுக் கத. மணிக்கணக்கா. சிரிப்புச் சத்தத்துல எங்களுக்குத் தூக்கம் வராது."

பூரணியின் கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது. அதன் பிறகு அவள் அழவில்லை. செத்தவரிடம் கோபித்துக்கொள்ள முடியாது. நாயிடம் முடியும்.

லோஜன் திரும்பிப் போகும்போது நாயையும் பஸ்ஸில் ஏற்றினான். பஸ் மேட்டில் மெதுவாகும் இடம் பார்த்துக் குதித்து, நாய் இருட்டுவதற்குள் வாசலுக்கு வந்துவிட்டது. தோட்டத்து நாய்கள் எல்லாம் கூடிக் குரைத்தன. அது நடுவில் உட்கார்ந்து கொட்டாவி விட்டது. மூன்றாம் நாள் அவை அதன் பின்னால் நடந்தன. எந்த வீட்டில் எப்போது கருவாடு பொரிப்பார்கள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் யார் பிஸ்கட் வைத்திருப்பார்கள், எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் படித்துக்கொண்டது. பூரணி சோறு வைக்கவில்லை. அது கேட்கவும் இல்லை. இரவில் மட்டும் அவளுடைய வாசலில் படுத்துக்கொள்ளும். வீட்டில் தனக்கும் பங்கு உண்டு என்பதுபோல.

"என்னடி, ஒன் சக்களத்தி எங்க வீட்டுக் கருவாட்டுத் தலையத் தின்னுட்டுப் போறா," என்று காளியாயி மலையில் எல்லோருக்கும் கேட்கச் சொல்வாள். "நீ ஒரு வாய் சோறு போட்டா என்னா?"

"கொழும்புக்காரிக்கி நம்ம வீட்டுச் சோறு எறங்குமா?" என்பாள் பூரணி. தேயிலை நிரைகளுக்கிடையே சிரிப்பு ஓடும். அவளும் சிரிப்பாள். விரல்கள் மட்டும் கொழுந்தோடு முற்றிய இலையையும் சேர்த்துக் கிள்ளிவிடும்.

கருமாதி முடிந்தது. அன்று இரவு...

தகரக் கூரையில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. பூரணி விழித்துத்தான் இருந்தாள். கீழே, முடக்கிலிருந்து,

"பூரணி..."

மதுரனுடைய குரல். மாவு பிசைந்து களைத்த மனிதனின் குரல்.

இரவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தரம் வரைக்கும் பதில் கொடுக்கக் கூடாது என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். உயிரோடு இருப்பவர்தான் மூன்றாம் தரமும் கூப்பிடுவார். அம்மா சொல்லி வளர்த்த கட்டுப்பாடு, உடம்பில் ஊறிவிட்டது. பூரணி கம்பளியைப் பல்லில் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டாம் தரத்துக்காக... மூன்றாம் தரத்துக்காக...

வாசலில் நகங்கள் கீறும் சத்தம். நாய் எழுந்தது. ஓடியது. அந்தக் காலடிச் சத்தத்தில் சந்தேகமே இல்லை.

அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

விடியற்காலையில் கதவைத் திறந்தபோது நாய் சுருண்டு படுத்திருந்தது. மூக்கில் எண்ணெய்ப் பிசுக்கு. அதன் மேல் பீடி வாசனை, வதக்கிய வெங்காய வாசனை. லயத்தில் முந்தின இரவு யார் வீட்டிலும் பராட்டா போடவில்லை.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். ஒரு தரம். நகச் சத்தம். பிறகு, காற்று வாகாக வீசினால், கீழே யாரோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருப்பது... இடையில் ஒரு சிரிப்பு. பயம் முதல் இரவோடு தீர்ந்துபோனது. இப்போது அவளுடைய நெஞ்சில் எரிந்தது வேறு. உயிரோடு இருந்தபோது எனக்கு இரண்டு நிமிடம். இவளுக்கு இராத்திரி முழுவதும். செத்த பிறகும் வீடு தேடி வந்து, வாசல்வரை ஏறாமல், முடக்கில் நின்று இவளையா?

இல்லை, என்னைத்தானோ? நான்தான் மூன்றாம் தரத்துக்காகக் காத்திருந்து கெடுத்துக்கொள்கிறேனோ?

அந்த நினைப்பு அவளை விடவில்லை. காளியாயியிடம் கேட்டேவிட்டாள்.

"ராவுல யாரோ பேரு சொல்லிக் கூப்பிட்டது ஒனக்குக் கேட்டிச்சா?"

காளியாயி முதல் தடவையாகச் சிரிக்காமல் பதில் சொன்னாள். "கேட்டிச்சு. கேக்காம என்னா. எந்தப் பூரணியக் கூப்பிட்டாருன்னுதான் எனக்குத் தெரியலடி."

அன்று மாலை பூரணி முதன்முதலாக நாய்க்குச் சோறு வைத்தாள். அது சோற்றைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. தெருவில் வளர்ந்தவர்களுக்கு இலவசச் சோற்றின் பொருள் தெரியும். ஆனாலும், எதனாலோ, தலையைத் தாழ்த்தி, தன் கழுத்தில் அவள் கயிற்றைப் போடும்வரை நின்றுகொடுத்தது. லயத்துக்குப் பின்னால் இருக்கும் விறகுக் கொட்டகையில் அதைக் கட்டினாள். குரைக்காதபடி வாயில் துணி சுற்றினாள்.

பிறகு முகம் கழுவினாள். தலை வாரினாள். அவன் போன தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சேலையைக் கட்டினாள். விளக்கை அணைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றாள்.

மூடுபனி ஏறியது. தோட்டத்து நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குரைப்பதை நிறுத்தின.

"பூரணி..."

"இந்தா வந்துட்டேங்க."

முதல் தரத்துக்கே பதில் சொல்லிவிட்டாள். வாய்க்கு முந்திக் கால் ஓடியது. கல்ரோட்டில் செருப்பில்லாமல் இறங்கினாள். கல் குத்தியது தெரியவில்லை. முடக்கைத் திரும்பினாள்.

பனி. வெறும் பனி. அதற்குள் ஒரு பீடி நெருப்பு, சாய்ந்து, அணைந்தது. எண்ணெய்க் காகிதம் பிரியும் சத்தம், சரசரவென்று... வெங்காய வாசனை... வாசனை அப்படியே அவனுடையது.

பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. அது அவளுடைய முகத்துக்கு வரவில்லை. முழங்கால் உயரத்தில் வந்தது. அந்த உயரத்திலேயே இருட்டைத் துழாவியது. எதையோ தடவிப் பழகிய கை. சேலை மடிப்பில் விரல்கள் பட்டன. பட்டதும் சட்டென்று பின்வாங்கின, அந்நியப் பெண்மேல் தவறிப் பட்டுவிட்டதுபோல.

"யாருங்க?"

"நான்தாங்க... பூரணி."

தைல மரங்கள் மட்டும் சொட்டின. பிறகு அந்தக் குரல் தாழ்ந்து, மரியாதையாக, கடைக்கு வந்த ஆளிடம் பேசுவதுபோலக் கேட்டது:

"அவள எங்கங்க கட்டிப் போட்டிருக்கீங்க?"

பூரணி அங்கேயே நின்றாள். தான் அவனுக்கு யார் என்று சொல்ல வாயெடுத்தாள். திருமணத்தை, திருவிழாவை, போனில் கேட்ட மழையை, எதையாவது சொல்லியிருக்கலாம். காகிதம் மறுபடி மடிகிற சத்தம் கேட்டது. காத்திருக்கும் ஒருவர், ஆறிப்போகாமல் பராட்டாப் பொதியை மூடிவைக்கிற சத்தம். அதைக் கேட்ட பிறகு அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை. திரும்பி ஏறினாள்.

விறகுக் கொட்டகையில் நாய் நின்றபடியே இருந்தது. கயிறு விறைத்து நின்றது. கட்டியே வைத்தால் நாளைக்கும் வருவார், நாளைக்கும் கூப்பிடுவார். அந்தப் பெயர் தன் காதில் விழுந்துகொண்டாவது இருக்கும். அவிழ்த்தால்... பூரணி நெடுநேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு வாய்த்துணியை எடுத்தாள். முடிச்சை அவிழ்த்தாள். நாயின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இதுவரை தான் ஒரு சொல்கூடப் பேசியிராத அதனிடம், கெஞ்சினாள்.

"போய்ச் சொல்லு. எங்கிட்டயும் ரெண்டு வார்த்த பேசச் சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

நாய் அவளுடைய மணிக்கட்டை ஒருமுறை நக்கியது. பிறகு போனது. இந்தத் தடவை அது ஓடவில்லை. நடந்தது. லயத்து மூலையில் பனி அதை மூடிக்கொண்டது. நகச் சத்தம் கல்ரோட்டில் இறங்கி, குறைந்து, நின்றது.

பூரணி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தன்னை மீறிப் பதில் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் வாயை இரண்டு கையாலும் இறுக்கப் பொத்திக்கொண்டாள்.

முடக்கிலிருந்து அவன் கூப்பிட்டான்.

"பூரணி..."

"இந்தா வந்துட்டேங்க," என்று அங்கிருந்தே ஒரு பெண் பதில் சொன்னாள்.

அது, இங்கே வாய் பொத்தியிருந்த பூரணியின் குரல்.